அந்நியன் யார்?



பலாங்கொடைப் பகுதித் தோட்டமொன்றில், லயத்தின் கடைசிக் காம்பராவில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்து அழுதார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருடங்களாகக் கொழுந்து பறித்த கைகள். வலது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. காரம் பட்டால் நெருப்பாய் எரிகிறது. வாயும் முன்போல் அகலத் திறப்பதில்லை.

“சாமி, இது நோவு இல்லீங்க, செய்வினை. பக்கத்துக் காம்பராவுக்குப் புதுசா குடிவந்தாளே, அவ வந்ததுக்கு அப்புறந்தான் இது வந்துச்சு” என்றார்.

அந்தப் பெண்ணோடு ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பீலியடியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அவளுடைய பிள்ளைகள் வாசற்படியில் கால் வைத்தாலும் விரட்டிவிடுவாராம்.

ஒருவாறு சமாதானம் சொல்லி அவரைப் பல் வைத்தியரிடம் அனுப்பி வைத்தோம். சிறு சதைத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இன்னும் வரவில்லை. ஆனால், விட்டால் வரக்கூடும் என்பது முடிவு. காரணம் என்ன? பல வருடங்களாகக் கன்னத்தில் அடக்கி வைத்த வெற்றிலைக் கூறு. ஆம், அந்த அம்மா தேடிய பகைவன் பக்கத்துக் காம்பராவில் இருக்கவில்லை. அவருடைய இடுப்பிலே செருகியிருந்த சுருக்குப் பையில் இருந்தான்.

துன்பம் வந்தால் நாம் முதலில் வெளியே பார்க்கிறோம். யார் வந்தார், யார் போனார், யார் கண் பட்டது என்று கேட்கிறோம். இது அந்த மூதாட்டி ஒருவருடைய பழக்கமா? குடும்பங்கள் செய்கின்றன, ஊர்கள் செய்கின்றன, நாடுகளும் செய்கின்றன. அந்நியன் யார், நம்மவன் யார் என்ற இந்தக் கேள்விக்கு நமது உடல் எவ்வாறு விடை காண்கிறது என்பதை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். 2006, 2007 ஆம் ஆண்டுகளில் நமது சபரகமுவ மாகாணத்தில், நகரம், கிராமம், தோட்டம் ஆகிய மூன்று பகுதிகளிலும், 30 வயதைக் கடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரிடம், பின்னர் புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் காணப்பட்டன. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்” என்று ஆறுதல் அடைபவர்கள் நம்மிடையே பலர். இந்த மாகாணத்து ஆய்வாளர்கள் அந்த ஆறுதலையும் விட்டு வைக்கவில்லை. புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வெற்றிலைக் கூறு ஆபத்தானதே என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவும், 1985 இல் புகையிலை சேர்ந்த கூறைப் புற்றுநோய்க்குக் காரணம் என்று கூறியது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பதை 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியது.

பாக்கில் உள்ள அரெக்கோலின் என்னும் பொருள் கன்னத்துச் சதையை நாராய் இறுகச் செய்கிறது. சுண்ணாம்பு மென்தோலை அரிக்கிறது. புண்ணான இடத்தை மூடுவதற்குக் கன்னத்தின் கலங்கள் மீண்டும் மீண்டும் பிரிகின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் கலத்தின் உள்ளேயுள்ள பரம்பரை ஏடு பிரதி எடுக்கப்படுகிறது. பிரதி எடுக்கும் கை எவ்வளவு கவனமாயிருந்தாலும் எழுத்துப் பிழை வரத்தானே செய்யும்? வருடக்கணக்கில் பிழைகள் சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் ஒரு கலம் எல்லைக்கு அடங்காமல் பெருகத் தொடங்குகிறது. அதுவே புற்றுநோயின் தொடக்கம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கலம் எங்கிருந்தும் வந்ததல்ல. நமது தாயின் வயிற்றில் நாம் உருவான நாளிலிருந்து நம்மோடு இருந்த குலத்தில் பிறந்தது. நமது இரத்தத்தை உண்டு வளர்ந்தது. பிறப்பை மட்டும் பார்த்தால் அது நூற்றுக்கு நூறு நம்மவனே.

அப்படியானால் உடலின் காவலர்கள் அதை எப்படி இனங்காண்கிறார்கள்?

இரத்தத்திலே செங்குழியங்களும் வெண்குழியங்களும் உண்டு என்பதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். வெண்குழியங்களில் ஒரு வகைக்கு நிணநீர்க் குழியங்கள் என்று பெயர். இவை இரத்தத்திலும் நிணநீரிலும் ஓயாது சுற்றி வருகின்றன. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர்க் கணுக்கள் இவர்கள் கூடும் இடங்கள். இவர்களில் ஒரு பிரிவினர், ஒவ்வொரு கலத்தின் வாசலிலும் நின்று சோதனை செய்கிறார்கள்.

இந்தச் சோதனையைத் தோட்டத்து வாசகர்களுக்கு விளக்குவது எளிது. மாலையில் கொழுந்து மடுவத்தில் என்ன நடக்கிறது? பெண்கள் கூடைகளோடு வரிசையில் நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பார்க்கிறார். இரண்டு இலையும் அரும்புமாக இருந்தால் நிறுக்கிறார். முற்றல் இலை இருந்தால் எடுத்தெறிகிறார். நமது உடலின் கலங்களும் இதையே செய்கின்றன. ஒவ்வொரு கலமும் தன் உள்ளே உற்பத்தியாகும் புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு தாங்கியில் வைத்து, தன் மேற்பரப்பிலே நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கிறது. “இதோ, என் உள்ளே நடப்பது இதுதான்” என்று சொல்வதுபோல. காவற் குழியம் வந்து தொட்டுப் பார்க்கிறது. வழமையான துண்டுகளாயின் நகர்ந்து செல்கிறது. வைரஸ் நுழைந்த கலமாயின் அந்த வைரஸின் துண்டும் கூடையில் இருக்கும். பிழைபட்ட கலமாயின், இதுவரை காணாத ஒரு துண்டு இருக்கும். காவலன் அங்கே நின்றுவிடுகிறான்.

கூடையில் உள்ள இலை மட்டுமல்ல, கூடையும் முக்கியம். 1970களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் பீட்டர் டொஹேர்ட்டி, ரொல்ஃப் சிங்கர்நாகல் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். வைரஸ் தொற்றிய எலியின் காவற் குழியங்கள், அதே வகை எலியின் தொற்றுண்ட கலங்களைக் கொன்றன. வேறு வகை எலியின் கலங்களிலும் அதே வைரஸ் இருந்தது. ஆனால் அவற்றைத் தொடவில்லை! காவலன் இரண்டையும் ஒருங்கே பார்க்கிறான் என்பதை அவர்கள் 1974 இல் வெளியிட்டார்கள். கூடை நம்முடையது; அதற்குள் இருக்கும் இலை நம்முடையதல்ல. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அவனுக்குக் குற்றம் புலப்படுகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக அவர்களுக்கு 1996 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கூடையே கொண்டுவராமல் நழுவப் பார்க்கும் கலங்களும் உண்டு. உள்ளே நடப்பதை மறைக்க, தாங்கிகளையே அகற்றிவிடுகின்றன. இவற்றைப் பிடிக்க வேறொரு வகைக் குழியங்கள் இருக்கின்றன. காட்ட வேண்டியதைக் காட்டாமல் இருப்பதே அவர்களுக்குப் போதிய சந்தேகம். சுவீடன் நாட்டு அறிஞர் கிளாஸ் கேரெயும் அவருடைய தோழர்களும் 1986 இல் இதை நிலைநாட்டினார்கள்.

இத்தகைய அதிகாரம் உள்ள காவலனுக்கு எத்தகைய பயிற்சி வேண்டும்! நெஞ்செலும்பின் பின்னே தைமசு என்னும் சிறு சுரப்பி உண்டு. இளங் குழியங்களுக்கு அதுவே பயிற்சிக்கூடம். நமது சொந்தக் கூடையை வாசிக்கத் தெரியாதவை அங்கேயே இறந்துபோகின்றன. நமது சொந்தக் கலங்களைக் கண்டு சீறிப் பாய்பவையும் அழிக்கப்படுகின்றன. உள்ளே போகிறவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் வெளியே வருவதில்லை. கண்மூடித்தனமாக இருப்பவனும் வேண்டாம், காண்பவரையெல்லாம் பகைவர் என்பவனும் வேண்டாம் என்று இயற்கை இவ்வளவு கடுமையாகக் கழித்துத் தள்ளுகிறது.

தேறி வந்தவனும் நினைத்தவுடன் வாளை உருவ முடியாது. புதிய காவலனுக்கு அந்நியத் துண்டைக் கண்டது ஓர் அடையாளம். உண்மையிலேயே ஆபத்து உண்டு என்று வேறொரு கலம் கொடுக்கும் அறிவிப்பு இரண்டாவது அடையாளம். இரண்டும் சேராவிட்டால் அவன் செயலற்றுப் போகிறான். ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு ஒருவனைத் தண்டிக்கக் கூடாது என்ற பழைய நீதி நமது இரத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, பார்த்தீர்களா?

தண்டிக்கும் முறையும் அளவோடு கூடியது. குற்றமுள்ள கலத்தை ஒட்டி நின்று, அதன் சுவரில் நுண்ணிய துளையிட்டு, உள்ளே சில புரதங்களைச் செலுத்துகிறது காவற் குழியம். அவை அக்கலத்தின் உள்ளேயே இருக்கும் தற்கொலை ஏற்பாட்டை முடுக்கிவிடுகின்றன. அக்கலம் தானாக ஒடுங்கி மடிகிறது. அடுத்த கலம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. போர் முடிந்ததும் பெருகியிருந்த காவலர்களில் பெரும்பாலோர் மடிந்துபோக, நினைவைச் சுமந்த சிலர் மட்டும் எஞ்சுகிறார்கள்.

இவர்களுக்கும் மேலாக, காவலரை அடக்கும் காவலர்கள் இருக்கிறார்கள். ஜப்பானிய அறிஞர் ஷிமொன் சக்காகுச்சி 1995 இல் இவர்களை இனங்காட்டினார். இத்துறையில் உழைத்த மேரி புரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவருடன் அவருக்கு 2025 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்த அடக்குவோர் இல்லாவிட்டால் என்ன நேரும்? காவலர்கள் சொந்த வீட்டையே கொளுத்துவார்கள். சிறு பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை நீரிழிவு, இன்சுலின் சுரக்கும் கலங்களைத் தன் காவலர்களே அழிப்பதால் வருகிறது. வெளிப் பகைவனால் மாத்திரமல்ல, மிதமிஞ்சிய காவலாலும் மனிதன் சாகலாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். உடலிலே உண்மையான அந்நியர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கிறார்கள். நமது உடற்கலங்களின் தொகைக்குக் குறையாத பற்றீரியாக்கள் நமது குடலில் வாழ்கின்றன. சில உணவைச் செரிக்க உதவுகின்றன; சில விற்றமின்களைத் தயாரித்துக் கொடுக்கின்றன. அவை தம் இடத்தில் இருந்து தம் வேலையைச் செய்யும்வரை உடல் அவற்றோடு சமாதானமாக வாழ்கிறது. ஏன், தாயின் கருப்பையில் வளரும் சிசு யார்? பாதி அடையாளங்களைத் தந்தையிடமிருந்து பெற்றதால், தாயின் காவலருக்கு அது அரை அந்நியன். ஆயினும் ஒன்பது மாதம் அதைத் தாங்குகிறது தாயுடல். அந்நியனை ஏற்கத் தெரியாத உடலிலே நாம் யாருமே பிறந்திருக்க முடியாது.

ஆகவே, வாசகர்களே, உடல் கேட்கும் கேள்வி, “நீ எங்கே பிறந்தாய்?” என்பது மட்டுமல்ல. “உன் உள்ளே என்ன நடக்கிறது? நீ என்ன செய்கிறாய்?” என்பதே அதன் முக்கிய கேள்வி. பிறப்பால் நம்மவனான புற்றுக் கலத்தை அது தண்டிக்கிறது; பிறப்பால் அந்நியனான பற்றீரியாவை வாழவிடுகிறது.

இனி, நமது மக்களின் கதையை எண்ணிப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிடம் என்ன கேட்டது? உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. 1964 இல் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்போம் என்று விட்டுவிட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையும் றப்பரும் தந்து நாட்டின் திறைசேரியை நிரப்பியவர்களிடம் பிறப்பைக் கேட்டார்கள், கூடையைப் பார்க்கவில்லை. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை சட்டப்படி நீங்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையிலே 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளில் சபரகமுவ மண்ணில் லயங்கள் எரிந்ததை இன்றும் நினைத்துக் கண் கலங்குவோர் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதைப் படித்தவுடன், “அப்படியானால் அவர்களே நாட்டின் புற்றுநோய்” என்று சொல்ல நாக்குத் துடிக்கும். வேண்டாம். மனிதரை நோயென்றும் கிருமியென்றும் பூச்சியென்றும் பெயரிட்ட இடங்களிலெல்லாம் அடுத்து நடந்தது கொலை. யூதரைக் கிருமிகள் என்ற ஜேர்மனியிலும், அயலவரைக் கரப்பான் பூச்சிகள் என்ற 1994 ஆம் ஆண்டு ருவாண்டாவிலும் அதுவே நடந்தது. உடலைப் பார்த்து நாம் பாடம் படிக்கலாம். ஆனால் மனிதன் கலமல்ல. பிழைபட்ட கலமும் முதலில் தன் பிழையைத் தானே திருத்தத்தான் முயல்கிறது. முடியாதபோது மடிகிறது. மனிதனுக்கோ திருந்தும் வாசல் கடைசி மூச்சுவரை திறந்திருக்கிறது. அதனால் ஒரு மனிதனைப் பார்த்து, “இவன் வெட்டி எறியப்பட வேண்டியவன்” என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு. காவல் முதலில் உள்ளே இருக்க வேண்டும் என்பதே அது. புற்றுக் கலம் எப்படித் தப்புகிறது தெரியுமா? காவற் குழியத்தின் மேலே அதைத் தணிக்கும் ஒரு விசை இருக்கிறது. அளவுக்கு மீறிய சினத்தைத் தடுக்க அமைந்த நல்ல விசைதான் அது. புற்றுக் கலம் கைநீட்டி அந்த விசையை அழுத்தி, காவலனைத் தூங்க வைத்துவிடுகிறது. அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானியரான தசுக்கு ஹொன்ஜோவும் இத்தகைய விசைகளைத் தடுத்துக் காவலரை எழுப்பும் வழி கண்டு 2018 இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த மருந்துகள் எல்லாருக்கும் பலிப்பதில்லை. விலையோ ஏழைக்கு எட்டாது. ஆனால் விசையை அழுத்தும் அந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? நமது மனச்சாட்சியையும் நாம் இப்படித்தான் அழுத்துகிறோம். “எல்லாரும் செய்வதுதானே!” “நம்ம ஆள்தானே, விட்டுவிடு!” நம்மவன் செய்த குற்றத்துக்குக் கண்ணை மூடுகிறோம், அந்நியன் செய்யாத குற்றத்துக்கு அவனைத் துரத்துகிறோம். சாதியின் பெயரால் ஒரே லயத்தில் இரண்டு தண்ணீர்ச் செம்பு வைத்திருப்பவர், தன் மக்களைப் பிறப்பைக் கேட்டு ஒதுக்கிய சட்டத்தை எந்த வாயால் கண்டிப்பார்? இரவில் படுக்குமுன் ஆன்மசோதனை செய்யும்படி நமது பெரியோர் கற்பித்தது, உள்ளே இருக்கும் அந்தக் காவலன் தூங்காதிருக்கவே.

இனி அந்த மூதாட்டியிடம் திரும்புவோம். வெற்றிலை அவர் குற்றமா? முழுவதும் அவர்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. விடியுமுன் எழும்பி, ரொட்டித் துண்டோடு மலையேறி, அட்டைக் கடியிலும் மழையிலும் நிற்பவருக்கு அந்தக் கூறு பசியை மறக்கடித்தது, உடம்பைச் சூடாக்கியது, நிரையில் நிற்கும் தோழியோடு பகிர்ந்துகொள்ள ஒரு பொருளாக இருந்தது. நோவென்று தெரிந்தபின்பும், வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று தள்ளிப்போட்டார். அந்த வெள்ளைத் திட்டுக்கு அவருடைய பழக்கம் ஒரு காரணம்; அவர் வாழ்ந்த வாழ்வு இன்னொரு காரணம். பழக்கத்தை அவர் விட வேண்டும். அந்த வாழ்வை மாற்றும் கடமை நம் எல்லாருக்கும் உண்டு.

ஆகையால் ஒரு சிறு வேலை சொல்கிறேன். மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியின் முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, எல்லாவற்றையும் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், காரணமில்லாத எரிச்சல், வாய் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். வீட்டிலே பாட்டி, தாத்தா இருந்தால் அவர்கள் வாயைப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

அந்த மூதாட்டி வெற்றிலையை விட்டுவிட்டார். எளிதாக இருக்கவில்லை என்றும் சொன்னார். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகிறார். போன மாதம் கண்டபோது, யார் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பக்கத்துக் காம்பராக்காரிதான் சாமி. அன்னைக்கு மழ, பஸ்ஸும் இல்ல. ஒரு நாள் பேர விட்டுட்டு எங்கூட நடந்து வந்தா” என்றார்.

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.